காளியாயி அத்தையின் அடுப்பு

மஸ்கெலியா

அன்பு மகள் சுதர்ஷினிக்கு அப்பா எழுதுவது. நீயும் மருமகனும் மெல்போர்னில் நோய்நொடி இல்லாமல் இருக்க மாரியம்மா துணை நிற்கட்டும். நாங்களும் சுகம் என்று எழுதுவதுதான் வழக்கம், ஆனால் உன் அத்தையின் கருமாதி முடிந்த கையோடு அப்படி எழுத மனசு வரவில்லை, ஏதோ இருக்கிறோம். போன் இருக்கும்போது இந்த மனுசன் எதற்குக் காகிதமும் பேனாவும் தேடுகிறார் என்று நினைப்பாய். போனில் நீ அழ ஆரம்பித்தால் நான் பேச்சை மழைக்கு மாற்றிவிடுவேன், உன் அம்மா வேறு பக்கத்தில் நின்று புள்ளைய நோகடிக்காதீங்க என்று என் கையைக் கிள்ளுவாள். அதனால்தான் எழுதுகிறேன், கோபப்படாமல் கடைசி வரை படி.

நீ சாவுக்கு வர முடியாததை இங்கே யாரும் குறையாகப் பேசவில்லை. மழை விடாமல் பெய்தும் மேல் லயம் கீழ் லயம் எல்லா வீட்டுச் சனமும் வந்து விட்டது, கொழுந்து பறிக்கப் பெரட்டுக்குப் போன பொம்பளைகள்கூட மலையில் வேலை வாங்குகிற கண்டாக்கையாவிடம் சொல்லிவிட்டுப் பாதி நாளில் திரும்பி வந்தார்கள். உன் பெயரைச் சொல்லி உன் அம்மாதான் வாய்க்கரிசி போட்டாள். என்னைத் தூக்கி வளர்த்த அக்கா, அவளை மண்ணில் இறக்கும்போது ஜெயகாந்தன்தான் தன் அம்மாவைப் பறிகொடுத்த துக்கத்திலும் இந்த மாமனைத் தாங்கிப் பிடித்தான்.

நான் சொல்ல வந்தது அடுப்பு விஷயம். போன வருசம் உன் மாணவப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து அத்தையின் ஒற்றை அறைக் காம்பராவில் நாள்கணக்காக உட்கார்ந்தீர்களே. பொருள் வடிவமைக்கப் படிக்கிற பிள்ளைகளுக்கு இதுதானப்பா பாடம், முதலில் போய்ப் பார்க்கணும், கேக்கணும், வரையணும், ஒன்று செய்து கொடுக்கணும், பிறகு திரும்பி வந்து எப்படி இருக்கென்று கேக்கணும், அந்தக் கடைசிதான் முக்கியம் என்று நீ வாசல் இஸ்தோப்பில் நின்று எனக்குச் சொன்னாய். எனக்குப் பெருமையாக இருந்தது. பிள்ளைகளும் தங்கமான பிள்ளைகள், அத்தை சுட்ட ரொட்டியைச் சம்பலோடு தின்று கண்ணில் தண்ணீர் வர வர இன்னும் கேட்டார்கள். அத்தை சொன்னதை எழுதி எழுதிச் சுவர் முழுக்க மஞ்சள் துண்டுக் காகிதமாக ஒட்டினார்கள், புகை போகக் குழாய் வைத்த அடுப்பு ஒன்றைக் கட்டினார்கள், இது பரீட்சித்துப் பார்க்கத்தான், மூணு மாதத்தில் வந்து கேட்டு மாற்றித் தருவோம் என்று சொல்லிப் போனார்கள். அந்த வெயில் மாதத்தில் அடுப்பு அருமையாகத்தான் எரிந்தது. அப்போது எடுத்த படத்தில்தான் அத்தை சிரிக்கிறாள்.

மழைக்காலம் வந்ததும் டேம் பக்கத்துக் காற்று குழாய்க்குள் இறங்கி, போன புகையை எல்லாம் திரும்ப வீட்டுக்குள் தள்ளியது. தேயிலை மிலாறு விறகும் ஈரம், காம்பராவுக்குள் ஆளுக்கு ஆள் முகம் தெரியாது. குழாயைக் கழற்றிப் போடு அக்கா என்றேன். அடப் போடா, புள்ளைங்க கட்டிக் குடுத்தது, அதுங்க வந்து கேக்கும்போது இருந்தபடியே இருக்கணும்ல என்றாள். அந்த மஞ்சள் காகிதங்கள் ஈரத்தில் விழ விழச் சோற்றுப் பசை தடவி அதே இடத்தில் ஒட்டினாள். எதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. நான் சுதாவிடம் போனில் சொல்கிறேன் என்றால் கையைப் பிடித்துக்கொள்வாள். நம்ம வீட்டுப் புள்ள வாத்தியாரா இருக்கு, அது மொகம் வாடுற மாதிரி ஒண்ணும் சொல்லாத, வந்தா நானே சொல்லிக்கிறேன் என்பாள். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காத சாதியம்மா நாம். துரை வந்தாலும் ஐயா வந்தாலும் குறை ஏதும் இருக்கா என்று கேட்டால் இல்லைங்க என்று சொல்லியே பழகிய வாய்.

மூணு மாதம் போய், அந்தப் பிள்ளைகளுக்குப் புள்ளி கிடைத்து, படிப்பு முடிந்து, நீ வேறு பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கப் போய்விட்டாய். உன் வேலை எனக்குப் புரியாமல் இல்லை. அந்தப் புகைதான் கொன்றது என்றும் நான் சொல்ல மாட்டேன், அவள் நெஞ்சில் முப்பது வருசத்து மலை மழை இருந்தது, டாக்டரும் அதைத்தான் சொன்னார். ஆனால் படுத்த பிறகும் பஸ் சத்தம் கேட்டால் தலையைத் தூக்குவாள். கடைசியில் ஒரு நாள் என்னிடம், தம்பி, அதுங்க வந்தா நல்லாருக்குன்னு சொல்லிட்டு, காத்து அடிச்சா மட்டும் கொஞ்சம் பொகை திரும்புதுன்னு சொல்லலாமா, மனசு நோகுமோ என்று கேட்டாள். சொல்லுக்கா, ஒண்ணும் நோகாது என்றேன். அந்த ஒரு பேச்சைச் சொல்லிப் பார்த்துச் சொல்லிப் பார்த்தே போய்விட்டாள் அம்மாடி, எனக்கு அதுதான் ஆறவே இல்லை.

கருமாதி வரைக்கும் அந்த வீட்டில் அடுப்பு மூட்டவில்லை, சோறு நாங்கள்தான் கொண்டுபோனோம். முடிந்ததும் அத்தையின் மருமகள், ஜெயகாந்தன் பெண்சாதி வினோதா மூட்டினாள், வீடு புகையாகி கைக்குழந்தை மூச்சு முட்டி நீலம் பாரித்துவிட்டது, வெளியே தூக்கி வந்த பிறகுதான் தெளிந்தது. இப்போது அவள் இஸ்தோப்பில் மூன்று கல் வைத்துச் சாரலில் நனைந்துகொண்டு சமைக்கிறாள். உள்ளே இருப்பதை உடைத்துப் போடு என்றால் ஜெயகாந்தன் கேட்கிறான் இல்லை. அம்மா தொடாம வச்சிருந்தத நா எப்புடி மாமா ஒடைப்பேன், சுதா வந்து பாத்துட்டுச் சொல்லட்டும் என்கிறான். மழை பலத்தால் அவள் மறுபடி உள்ளே போய்த்தான் ஆகவேண்டும், குழந்தையும் அங்கேதான் படுக்கும். என் பேச்சு அங்கே எடுபடாது, அவர்கள் காத்திருப்பது உன் வார்த்தைக்கு.

வகுப்பில் அத்தை சிரிக்கிற படத்தை இன்னும் காட்டுகிறாயாமே, காட்டு, வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இந்த மழைக்காலத்தையும் சேர்த்துச் சொல். குளிரில் தலைக்குத் துணி கட்டிக்கொள், வேளைக்குச் சாப்பிடு, மருமகனைக் கேட்டதாகச் சொல். நீங்கள் இருவரும் குறைவில்லாமல் வாழ அப்பா அம்மாவின் ஆசீர்வாதம், இப்போது மேலே இருந்து அத்தையின் ஆசீர்வாதமும். கடிதம் கிடைத்த அன்றே ஜெயகாந்தனுக்குப் போன் போட்டு உடைக்கச் சொல்லிவிடு. அதற்கு முந்தி வினோதாவைக் கூப்பிட்டு அடுப்பு எப்படி இருக்கு என்று கேள். நல்லாருக்குங்க என்றுதான் சொல்வாள். போனை வைத்துவிடாதே, இன்னொரு தரம் கேள்.

உன் அப்பா
முத்துலிங்கம்