கேஸ் தாளில் உன் அப்பா

ஆவடி,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள சந்தோஷுக்கு, அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொண்டு இருப்பாய் என்று நம்புகிறேன். நன்றாக இருக்கிறோம் என்று இப்போது எழுதுவது உண்மை, போன மாதம் போனில் சொன்னது உண்மை இல்லை கண்ணு. அப்பா ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தார். பதறாதே, இப்போது மீன் குழம்பில் உப்பு இல்லை என்று தட்டைத் தள்ளிவிட்டுச் சண்டை போடும் அளவுக்குத் தேறிவிட்டார். புது வேலை, லீவு கிடைக்காது, அங்கே தனியாக உட்கார்ந்து கவலைப்படுவான், அவனுக்குச் சொல்லாதே என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். போன் பேசும்போதும் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார். நம் தெரு அமல்ராஜ் லீவு முடிந்து மஸ்கட் திரும்புகிறான் என்றதும், ஊறுகாயோடு இதையும் கொடுத்துவிடலாம் என்று எழுதுகிறேன்.

இந்த வயதில் காலேஜ் எதற்கு, விட்டுவிடு என்று நீ சொன்னாய். மெடிக்கல் ஷாப்பில் இத்தனை வருஷம் மாத்திரை எடுத்துக் கொடுத்தவளுக்கு அந்த மாத்திரை உள்ளே போய் என்ன செய்கிறது என்று தெரியாது, அதற்காகத்தான் ஃபார்மசி டிப்ளமோ சேர்ந்தேன். முதலில் உடலியல் பாடம் மண்டையில் ஏறவே இல்லை. என் குரூப்பில் இருக்கும் பவித்ராவும் சரணும் சின்னப் பிள்ளைகள், மனப்பாடம் செய்து கடகடவென்று ஒப்பித்தார்கள், நான் பூந்தமல்லி பஸ்ஸில் போகும்போது படித்ததை இறங்கும்போது மறந்தேன். பிறகு அனுசுயா மேடம் வந்தார். அவர் போர்டில் படம் போட்டுப் பாடம் ஆரம்பிப்பதில்லை, முதலில் ஒரு தாளைக் கையில் கொடுப்பார். அதில் ஒரு நோயாளியின் வயது, வேலை, சாப்பாடு, எங்கே என்ன தொந்தரவு, என்ன மருந்து, ரத்தப் பரிசோதனை எல்லாம் இருக்கும், பெயர் மட்டும் மாற்றியிருக்கும். இந்த உடம்புக்குள் என்ன நடந்தது, பேசிக் கண்டுபிடியுங்கள், பாடம் அப்புறம் என்பார். ஒரு ஆளோடு சேர்த்துப் படித்தால் எனக்கும் மனதில் நின்றது. ஆனால் ஒவ்வொரு தாளையும் வீட்டுக்குக் கொண்டுவந்து எல்லோர் மேலும் பொருத்திப் பார்க்க ஆரம்பித்துவிட்டேன். தைராய்டு பாடம் வந்தபோது பக்கத்து வீட்டு ஷோபனா கழுத்தைத் தொட்டுப் பார்த்தேன், அவள் முறைத்தாள். அப்பா இரண்டு சொம்பு தண்ணீர் சேர்ந்தாற்போல் குடித்ததற்குச் சர்க்கரை பார்க்கச் சொன்னேன். சாயங்காலம் நான் பையை வைத்ததும், ‘இன்னாமே, இந்த வாரம் எனுக்கு இன்னா நோய்?’ என்று கேட்டுச் சிரிப்பார்.

அந்தச் சிரிப்பால்தான் நிஜமாக நோய் வந்தபோது நான் வாயைத் திறக்கவில்லை. மழையில் வண்டி சறுக்கி விழுந்து முட்டியில் அடி பட்டிருந்தது அவருக்கு. சட்டை துவைக்கும்போது பாக்கெட்டில் வலி மாத்திரை அட்டை இருந்தது, கேட்டதற்குப் பட்டறையில் ஒருத்தர் கொடுத்தார், வேலைக்குப் போகும் அன்றைக்கு மட்டும் போடுகிறேன் என்றார். அவர் வேலைக்குப் போகாத நாள் எது, நீயே சொல். சாப்பாட்டைக் கண்டால் குமட்டுகிறது என்றார், செருப்பு வார் காலில் பதிந்து கிடந்தது, இரும்பு உருக்கி வார்க்கும் உலை பக்கத்தில் நின்றே இருப்பதால் வந்த வீக்கம் என்று நினைத்துக்கொண்டேன். அந்தச் சமயத்தில்தான் வகுப்பில் சிறுநீரகம் வந்தது. தாளில் இருந்தது பேதியாகி உடம்பில் நீர் வற்றிப்போன ஒரு அம்மா, அப்பாவோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. ரத்தம் வடிகட்டும் இடத்துக்கு உள்ளே வர ஒரு சின்னக் குழாய், வெளியே போக ஒன்று, நடுவில் அழுத்தம் இருந்தால்தான் வடியும் என்று மேடம் விளக்கினார். பவித்ரா எழுந்து, இவங்க வலி மாத்திரையும் போட்டிருந்தா இன்னா ஆகும் மேடம் என்று கேட்டாள். அது உள்ளே வரும் குழாயைச் சுருக்கும், சில பிரஷர் மாத்திரைகள் வெளியே போகும் குழாயைத் தளர்த்தும், நீர் மாத்திரை ரத்தத்தின் நீரையே குறைக்கும், மூன்றும் சேர்ந்தால் வடிகட்டுவது நின்றே போகலாம் என்றார் மேடம். பிரஷர் மாத்திரையும் நீர் மாத்திரையும் நான்தான் தினமும் காலையில் அப்பா கையில் எடுத்துக் கொடுக்கிறேன், மேடம் சொன்ன அதே வகை. வெளியே வந்து அப்பாவுக்குப் போன் செய்து, நேற்றிலிருந்து ஒழுங்காகச் சிறுநீர் போச்சா என்று கேட்டேன், ‘கிட்னியா இந்த வாரம்?’ என்று சொல்லி வைத்துவிட்டார்.

நேராக அம்பத்தூர் எஸ்டேட்டுக்குப் பஸ் ஏறினேன். பட்டறை வாசலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், முகம் ஊதியிருந்தது. எல்லோர் எதிரிலும், எழுந்து வாய்யா ஆஸ்பத்திரிக்கு என்று கத்தினேன். ‘மானத்த வாங்காத, ஊட்ல பேசிக்கலாம்’ என்றார். கூட வேலை செய்யும் ஹேமநாதன்தான், ‘அண்ணாத்தே, காலீலருந்து ரெண்டு தபா வாந்தி எட்த்துகினே, எயுந்து போ’ என்று தூக்கி ஆட்டோவில் உட்கார வைத்தார். அரசாங்க ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், சிறுநீரகம் வடிகட்டி வெளியே தள்ள வேண்டிய உப்பு மிகவும் ஏறியிருந்தது. டாக்டர் மூன்று மாத்திரையையும் அன்றே நிறுத்தினார், இறங்காவிட்டால் டயாலிசிஸ் செய்ய வேண்டிவரும் என்றார். வராண்டாவில் உட்கார்ந்து உன் நம்பரை எடுத்து எடுத்து வைத்தேன். மூன்றாம் நாள் சிறுநீர் நன்றாகப் போனது, உப்பும் இறங்க ஆரம்பித்தது. இப்போது வேறு பிரஷர் மாத்திரை, உப்புக் குறைத்த சாப்பாடு, வலி மாத்திரை இனி எப்போதும் கிடையாது.

அதன் பிறகு, நடந்ததை நான் சொல்லக் கேட்ட மேடம் அப்பாவிடமே போனில் பேசி, இதை வகுப்புக்கு எடுத்துக்கொள்ளலாமா, பெயர் போட மாட்டேன் என்று கேட்டார். ‘தாராளமா போடுங்க மேடம், தேவராஜ்னே போடுங்க, நான் இன்னா திருடினேனா’ என்றார் அவர். ஆனாலும் மேடம் பெயரை மாற்றித்தான் கொடுத்தார். ஐம்பத்துநான்கு வயது ஆண், உலைப் பட்டறைத் தொழிலாளி என்று சரண் படித்தபோது எனக்கு அது உன் அப்பா என்றே தோன்றவில்லை, அடுத்த வரியில் கால் வீக்கம் என்று வந்ததும் செருப்பு வார் பதிந்த அந்தக் கால்தான் கண்ணில் தெரிந்தது. பிள்ளைகள் நன்றாகவே பேசினார்கள், எந்தக் குழாய் சுருங்கியது எது தளர்ந்தது என்று சரியாகச் சொன்னார்கள். கடைசியில் சரண், நோயாளி அலட்சியமானவர், டாக்டரைக் கேட்காமல் மாத்திரை போட்டிருக்கிறார் என்று முடித்தான். அவன் மேல் தப்பில்லை, தாளில் இருந்ததை வைத்துச் சொன்னான். என் வீட்டுக்காரர் என்று சொல்ல வாய் வரவில்லை. எழுந்து, ஏன் போட்டார் என்று யாராவது கேட்டார்களா மேடம் என்றேன். நானும் கேட்டதில்லை என்பது அப்புறம்தான் உறைத்தது, திட்டத்தான் திட்டியிருக்கிறேன். அன்று சாயங்காலம் அப்பாவிடம் கேட்டேன். டிவியைப் பார்த்துக்கொண்டே, ‘நொண்டுறது தெரிஞ்சா கேட்ல ஒக்கார வச்சிடுவான்மே, வரவன் போறவனுக்கு சல்யூட் அடிச்சிகினு எத்தினி நாள் இருக்கறது’ என்றார். இத்தனை வருஷத்தில் அவர் எதற்காவது பயந்து நான் பார்த்ததில்லை சந்தோஷ். மறுநாள் ஹேமநாதனும் நானும் அவரோடு கூடப் போய் முதலாளியிடம் பேசினோம். வார்த்த இரும்பைச் சோதித்துப் பார்க்கும் பிரிவில் அவரைப் போட்டிருக்கிறார்கள், உட்கார்ந்து செய்கிற வேலை, சூடு இல்லை. கொஞ்சம் முறைத்துக்கொண்டுதான் போகிறார், ஆனால் போகிறார்.

நீ ஏணியில் ஏறி இறங்கி ஏசி மாட்டுகிறவன், முதுகு வலிக்கிறது என்று இரண்டு தடவை சொன்னாய், நான் தைலம் தடவு என்றதோடு விட்டுவிட்டேன். அதற்கு என்ன போடுகிறாய், ஏன் போடுகிறாய், யாரிடம் சொல்லப் பயந்து போடுகிறாய் என்று எனக்கு எழுது, திட்ட மாட்டேன். வெயிலில் தண்ணீர் குடிக்காமல் இருக்காதே. வரும் மாதம் எனக்குப் பரீட்சை, காலேஜை நான் விடப் போவதில்லை, விடாதே என்று இப்போது சொல்வதே அப்பாதான். நோய் நொடி அண்டாமல், நல்ல பெயரோடு நீ நீடூழி இருக்க எங்கள் இரண்டு பேருடைய ஆசீர்வாதமும். ஊறுகாய் பாட்டிலை வெயிலில் வைக்காதே, ஈரக் கரண்டி போடாதே.

உன் அன்பு அம்மா,
தே. நாகவல்லி