தம்பி ஜெயித்த மாடியறையும் என்னைத் திருப்பியனுப்பிய கோர்ட்டும்

அன்பு மகளுக்கு, அப்பா வாயால் சொல்லச் சொல்ல, கீழ்வீட்டுத் தையல்காரர் மெஷினை நிறுத்திவிட்டு எழுதித் தரும் கடிதம். நானும் உன் அம்மாவும் நடமாட்டத்தோடு இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் எங்களைவிட ஒரு படி மேலாகவே இருக்க வேண்டும். போனில் சொல்லலாம்தான், ஆனால் போனை எடுத்தால் உன் அம்மா பக்கத்தில் நின்று வரிக்கு வரி திருத்தம் சொல்கிறாள். நீ சித்தப்பாவுக்குப் போன் செய்து, நஷ்டஈடு ஜெயித்ததற்கு வாழ்த்துச் சொன்னாயாமே, சித்தி சுவருக்கு மேலே தலையை நீட்டி எல்லாருக்கும் கேட்கிற மாதிரி அறிவித்தாள். சொன்னது தப்பில்லை. ஆனால் எனக்கு வயிறு எரிந்தது, அதையும் நான்தானே உனக்குச் சொல்ல வேண்டும்.

நம் இரண்டு வீட்டு நிலத்திலும் அரசாங்கத்தில் குவாரிக்காரனுக்குக் குத்தகை கொடுத்தார்களே, கீழே இருக்கிற கல் அரசாங்கத்துடையது, மேலே இருக்கிற மண்ணும் மரமும் நம்முடையது, அதற்கு நஷ்டஈடு தர வேண்டும் என்று வந்தபோது நானும் சித்தப்பாவும் ஒரே நாளில்தான் கிளம்பினோம். அவன் சுரங்கத்துறை அதிகாரியிடம் போனான். அந்த அறை ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடி, ஒரு மேசை, ஆடுகிற மின்விசிறி, உட்கார பெஞ்சு கூடக் கிடையாது. போடா, ஜெராக்ஸ் கடை மாடியில உனக்கு நியாயம் எடுத்து வெச்சிருக்கானாம், நான் பெரிய கோர்ட்டுலயே பாத்துக்கறேன் என்று நாலு பேர் முன்னால் சிரித்தேன். இரண்டு வருஷம் அந்தக் கோர்ட்டு வராந்தாவில் தூண் மாற்றித் தூண் சாய்ந்து நின்றேன். போன மாதம் பன்னிரண்டாம் தேதி வியாழக்கிழமை பதினொன்றே காலுக்கு என் பெயரைக் கூப்பிட்டார்கள். நஷ்டஈட்டை முதலில் முடிவு செய்ய வேண்டியவர் அந்த அதிகாரிதான், அவர் சொன்னதில் குறை இருந்தால் அப்பீலாக இங்கே வரலாம், நேராக வந்த மனுவை விசாரிக்க இந்தக் கோர்ட்டுக்கு அதிகாரம் இல்லை என்று சொல்லி நீதிபதி மனுவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். தப்பான வாசல்ல ரெண்டு வருஷம் நின்னுட்டோம் ஐயா என்றார் வக்கீல். நின்னது நான், நீங்க நாற்காலியிலதான உக்காந்திருந்தீங்க என்றேன். மனுஷன் கோட்டை உதறிக்கொண்டு போய்விட்டார்.

இந்த இரண்டு வருஷத்தில் சித்தப்பாவுக்கு உத்தரவு வந்து, வீட்டுக்குப் புது இரும்புக் கேட்டும் வந்துவிட்டது. கேட்டில் மணி வைத்திருக்கிறான். அது ஒவ்வொரு தடவை அடிக்கும்போதும் இங்கே நான் சாப்பிடுவதை நிறுத்திவிடுகிறேன். சரி, வேறு வழியில்லாமல் நானும் அந்த மாடியேறினேன். குமாஸ்தா நல்லவர். மனுப் போடும் கெடு தாண்டிவிட்டது, ஆனாலும் தெரியாமல் வேறு கோர்ட்டில் கழிந்த காலத்தைக் கணக்கில் சேர்க்காமல் விடச் சொல்லிக் கேட்கலாம், இருபதாம் தேதி விசாரணை வைக்கிறேன் என்றார். ஆனா நிலம் இப்ப அறுபதடி பள்ளம், தோண்டறதுக்கு முன்னாடி என்னென்ன இருந்துச்சுன்னு பாத்த சாட்சி யாராவது உண்டா என்று கேட்டார். யாருமில்லை என்று சொல்லிவிட்டேன். வாய் அப்படித்தான் வந்தது. கூடப்பொறந்தவன் குத்துக்கல்லாட்டம் இருக்கான், யாருமில்லைன்னா சொல்லிட்டு வந்தீங்க என்று உன் அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை, தட்டை மட்டும் சத்தமாக வைத்தாள்.

அதனால் சித்தப்பா வீட்டுக்குப் போனேன். மணி அடித்துத்தான் போனேன். நான் வாயைத் திறக்குமுன், வாண்ணே, சாட்சிதான, நான் வரேன் என்றுவிட்டான். கொஞ்சம் பிகு பண்ணியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். பிறகு அவன் உத்தரவை எடுத்து வைத்து, இதுல நம்ம கிணத்தையே சேக்கலண்ணே என்றான். குவாரிக்காரன் முதல் வாரமே கல்லைக் கொட்டி மூடிய கிணறு அது. அதிகாரி ஆழம் அகலம் கேட்டபோது இவன் பெரிய கிணறு சார் என்று மட்டும் சொல்லியிருக்கிறான். அளவு இல்லையென்று அவர் விட்டுவிட்டார். இப்போது அப்பீல் போகிறானாம். எங்கே தெரியுமா, என்னைத் திருப்பியனுப்பிய அதே கோர்ட்டுக்கு. நான் இறங்கி வந்த படியில் அவன் முறைப்படி ஏறப் போகிறான். உனக்குத்தான் எல்லாம் ஞாபகம் இருக்குமே, கிணத்து அளவு சொல்லுண்ணே என்றான். வயசாயிடுச்சுடா, மறந்துபோச்சு என்றேன்.

மகளே, அவன் அதை நம்பிவிட்டான். கோபப்படவில்லை. உடம்பைப் பாத்துக்கண்ணே என்று கையைப் பிடித்து வெளியே கொண்டுவந்து விட்டான். மறுநாள் சித்தி சுவரோரம் வந்து, மாமாவுக்கு ஞாபகமெல்லாம் போகுதாமே அக்கா, ராத்திரியில தனியா வெளிய விடாதீங்க என்று சொல்லியிருக்கிறாள். அவனுக்குப் படிப்பு இருக்கிறது, பணம் வந்தது, கேட்டும் மணியும் வந்தது. எழுத்துத் தெரியாத எனக்கு இருந்தது ஞாபகம் ஒன்றுதான். பொறாமையில் அதுவும் இல்லையென்று நானே அவனிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

ஆகையால் இன்று காலை தனித்தாளில் எழுதச் சொன்னேன். கிணறு நாற்பத்திரண்டு அடி ஆழம், வாய் பதினெட்டு அடி, மேலே பதினாறு அடிக்குக் கல் கட்டு, தெற்கே இருபத்தேழு படி, ஒன்பதாவது படி விரிசல். தோண்டியபோது எனக்குப் பதினொரு வயது, மண் சுமந்தேன், அவன் தொட்டிலில் கிடந்தான். கையெழுத்துக்குப் பதிலாகப் பெருவிரலை வைத்தேன். மை காய்வதற்குள் உன் அம்மா அந்தத் தாளைப் பிடுங்கிக்கொண்டு அவன் வீட்டுக்குப் போய்விட்டாள், எனக்கு மனசு மாறிவிடும் என்று பயம். அந்தத் தாளோடு போனால் அவன் அங்கே ஜெயிப்பான். ஜெயிக்கட்டும் என்று அவன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை, அதனால்தான் எழுதச் சொன்னேன்.

நீ குடும்பத்தோடு குறையில்லாமல் நீண்டநாள் வாழ வேண்டும். பேத்திக்கு இருமல் விட்டதா என்று எழுது, வெறுந்தரையில் படுக்க விடாதே. இருபதாம் தேதி காலை பத்து மணிக்கு எனக்கு விசாரணை, சித்தப்பாவும் கூட வருகிறான், மறந்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அப்பா
(இடது பெருவிரல் ரேகை)