நாலாவது பாட்டில் டிக் டிக்

11-8-2008, திங்கள்

வெயில் மண்டையைப் பிளக்கிறது. 10 முதல் 12 வரை கரண்ட் இல்லை. கல்யாண வீடியோ இரண்டு பாக்கி, பெண் வீட்டிலிருந்து தினமும் போன். இருக்கட்டும் என்று கச்சேரிப் படத்தைத் திறந்தேன்.

1984, மஞ்சக்குப்பம் மைதானம். இருகுரல் தனபால் தனி ஆளாக ஆண் குரலிலும் பெண் குரலிலும் டூயட் பாடிய கச்சேரி. சிங்கப்பூரிலிருந்து வந்த ஒருவர் வீடியோ எடுத்தார். வேறு படம் கிடையாது. முதல் வரிசையில் ஒல்லியாக ஒருவன், வாயைப் பிளந்துகொண்டு. நான்தான். அந்தப் பெண் குரல் மேல் இருந்த பைத்தியத்தில் தனபாலின் தங்கையையே பெண் கேட்டுப் போய்க் கட்டிக்கொண்டேன். ஆக, தனபால் இப்போது மச்சான்.

செப். 7 அவருக்குப் பாராட்டு விழா. படத்தைத் திரையில் போட வேண்டும். பாக்கி:
– மேலே ஓடும் கோடு
– படத்தில் சிவப்பு நிறம் கசிவது
– சத்தம் முழுக்க பஷீர் பாய் கேசட்டிலிருந்து மாற்ற வேண்டும்
– நாலாவது பாட்டில் டிக் டிக்

இந்த டிக் டிக்தான் தலைவலி. நகத்தால் தட்டுவதுபோல. பஷீர் சிதம்பரத்தில் கேசட் கடை வைத்திருப்பவர். அன்று ஆம்ப்ளிஃபையரிலிருந்து நேராகப் பதிவு செய்தவர். நல்ல கேசட்டைத் தான் வைத்துக்கொண்டு பூஞ்சை பிடித்ததை என் தலையில் கட்டிவிட்டாரோ?

13-8, புதன்

டிக் டிக்கை ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுக்கிறேன். இன்று வரை 131. ஒரு விஷயம்: பெண் குரல் வரும் வரிகளில் மட்டும்தான் வருகிறது. பூஞ்சைக்கு ஆண், பெண் தெரியுமா?

மச்சான் போன். "மாப்ள, நாலாவது பாட்டுல டிக்கு டிக்குன்னு ஏதோ கேக்கும் பாரு. அத சுத்தமா எடுத்துடு. ஒண்ணுகூட இருக்கக் கூடாது." சரி என்று வைத்துவிட்டேன். பிறகுதான் உறைத்தது. நான் அவரிடம் டிக் டிக்கைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. வீடியோவில் அது கேட்காது, காமிரா தூரத்தில் இருந்தது. கேசட்டையும் அவர் கேட்டதில்லை. எப்படித் தெரியும்?

சரஸ்வதி காப்பி கொண்டுவந்தாள். பாட்டைப் போட்டதும், "அடுப்புல பால் வெச்சிருக்கேன்" என்று போய்விட்டாள். இது மூன்றாம் தடவை, அதே நாலாவது பாட்டுக்கு. மத்தியானம் மூணு மணிக்கு என்ன பால்? அவளுக்குப் பாட்டே ஆகாது. மகள் சுமதி கைக்குழந்தையாக இருந்தபோது தாலாட்டுகூட ரேடியோதான். அப்பேர்ப்பட்ட அண்ணனுக்கு இப்படி ஒரு தங்கை.

சாயங்காலம் வேலி ஓரம் நின்று செல்லில் குசுகுசு. என்னைப் பார்த்ததும் கட். "யாரு?" "அண்ணன்தாங்க, சும்மா." சும்மாவுக்கு எதற்குக் குசுகுசு? இரண்டு பேரும் என்னவோ மறைக்கிறார்கள்.

16-8, சனி

214 டிக். எல்லாம் காலி. கம்ப்யூட்டரில் இடம் இல்லை, கேசட்டிலிருந்து ஏற்றியதை அழித்தேன். சுத்தம் செய்தது மட்டும் மிச்சம்.

பின்னணி உறுமலையும் எடுத்தேன். எடுத்த பிறகு காதில் விழுந்தது. முதல் சரணம் முடியும் இடம். ஆண் குரல் 'ஆ' என்று இழுத்து ஓய்வதற்குள் பெண் குரல் ஆரம்பிக்கிறது. அரை வினாடி, இரண்டும் ஒன்றாக. இத்தனை வருஷம் உறுமலுக்குள் ஒளிந்திருந்திருக்கிறது.

ஒரு தொண்டை. இரண்டு குரல். ஒரே நேரத்தில் எப்படி?

பத்துத் தடவை போட்டேன். சந்தேகமே இல்லை, பஷீர் வேலைதான். வேறு எதையோ ஒட்டிக் கெடுத்திருக்கிறார்.

17-8, ஞாயிறு

சிதம்பரம். பஸ்ஸில் நின்றுகொண்டே. கீழ வீதியில் பஷீர் கடை.

"பாய், எதுல எத ஒட்டினீங்க?"

"ஒட்டறதா? அல்லா அறிய, வயர சொருகினேன், சுவிட்ச அமுக்கினேன், அவ்ளோதான். ரெண்டு மைக்கு இருந்துச்சு. ஒண்ணு மேடையில, ஒண்ணு திரைக்குப் பின்னாடி. மிமிக்ரிக்குன்னு ஒங்க மச்சான் சொன்னாரு."

"அன்னிக்கு மிமிக்ரியே கெடையாது. நான் மொத வரிசையில இருந்தேன். யாருகிட்ட கத வுடுறீங்க?"

கடையில் நாலு பேர் பார்த்தார்கள். கள்ளக் கேசட் போடுகிறவர் என்றும் சொல்லிவிட்டேன். அவர் முகம் சுருங்கிப்போயிற்று. கேசட்டைக் கல்லா மேல் வீசிவிட்டு வந்தேன். வழியெல்லாம் நானே நியாயம் என்று நினைப்பு.

20-8, புதன்

மழை, கொஞ்சம். மனசு கேட்காமல் வீடியோவின் சொந்தச் சத்தத்தையே போட்டுப் பார்த்தேன். மங்கல்தான். ஆனால் அதே இடம், அதே அரை வினாடி, இரண்டு குரல். அதில் பஷீர் கை படவே இல்லை. பாவம் மனுஷன்.

அப்படியென்றால் மச்சான்? பெண் குரல் வரும்போதெல்லாம் கர்ச்சீப்பால் வாயை மூடிக்கொள்கிறார். கர்ச்சீப் ஸ்டைல். அதற்கே விசில் பறக்கும். நான்கூட ஆறு மாசம் கர்ச்சீப்போடு திரிந்தேன்.

வாய் தெரியாமல் இருக்கத்தானா? அட மடையா. பாடியது யார்? குழுவில் பெண்ணே கிடையாதே.

22-8, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

காலை 9 மணி. சுத்தம் செய்த நாலாவது பாட்டைப் போட்டேன். சரஸ்வதி வழக்கம்போல் "பாலு" என்று எழுந்து போனாள். பெண் குரல் வந்தது. டிக். டிக்.

ஒன்றுகூட விடாமல் எடுத்தேனே? ஸ்பீக்கரைத் தட்டினேன். வயரை ஆட்டினேன். டிக், டிக், தாளம் பிசகாமல். சத்தம் ஸ்பீக்கரிலிருந்து வரவில்லை. பின்னாலிருந்து வந்தது.

கதவுத் திரையை விலக்கினேன். சுவரில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தாள். ஆடிப்பூரத்துக்குக் கோயிலில் கொடுத்த கண்ணாடி வளையல், தங்க வளையலில் பட்டுப் பட்டு டிக், டிக்.

என்னைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது. பாட்டு மட்டும் ஓடியது. நான் அவளையே பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள்.

"நீயா?"

"அந்த வருஷம் அண்ணனுக்குத் தொண்ட கட்டிக்கிச்சு. அப்பறம் பொம்பள கொரல் வரவே இல்ல. திரைக்குப் பின்னாடி ஒக்காந்து பாடுன்னாரு. மேடையில பாடுற பொண்ண எவன் கட்டுவான்னு அம்மாவுக்குப் பயம். அதான் யாருக்கும் தெரியாம. நாலாவது பாட்டுல என்ன மறந்து தாளம் போட்டுட்டேன், வளையல் சத்தம் மைக்குல ஏறிடுச்சுன்னு அண்ணன் அன்னிக்கே திட்டினாரு."

மதியம் சாம்பாரில் உப்பு இல்லை. சாப்பிட்டுவிட்டேன்.

23-8, சனி

மச்சான் தொண்டை போய்விட்டது என்று இருகுரலை நிறுத்தியது 86. எனக்குக் கல்யாணம் 86. இதை முடிச்சுப் போட எனக்கு இருபத்திரண்டு வருஷம். ஊரெல்லாம் "அந்தக் குரலுக்கு யார் கண் பட்டதோ" என்று புலம்பினேன். கூட்டிக்கொண்டு வந்து வீட்டில் வைத்ததே நான்தான். வெட்கமாக இருக்கிறது.

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"அண்ணன் கொரலுக்காகத்தான எங்க வீட்டுப் படி ஏறினீங்க. அவர எப்பிடி வுட்டுக்குடுக்கறது?"

"வீட்டுல ஒரு வரி பாடியிருக்கலாமே. சுமதிக்காவது."

"வாயத் தொறந்தா கண்டுபுடிச்சிருவீங்க. எந்த எடத்துல மூச்சு வுடுறாருன்னு எங்கிட்டயே சொல்லுவீங்களே."

அழுதுவிட்டேன். வெங்காயம் என்று சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை. "எம்மேல கோவமா?" என்றேன்.

"மொதல்ல இருந்துச்சு. அப்பறம் இல்ல. இருவத்திரெண்டு வருஷமா அந்தக் கொரல எங்கிட்டயே வந்து புகழ்ந்தீங்க. நல்லாதான் இருந்துச்சு. கேட்டுக்கிட்டு இருந்தேன்."

படத்தில் அவள் பேரைப் போடுகிறேன் என்றேன். வேண்டவே வேண்டாம், அண்ணன் விழா, ஊர் சிரிக்கும் என்றாள். வெங்காயத் தோலைக் கூட்டி அள்ளிக்கொண்டே அவளே: "அந்த வளையல் சத்தத்த ஏங்க எடுத்தீங்க? அது மட்டுந்தான் என்னுது."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. 214. அழித்தாயிற்று. வீடியோவில் அது கிடையாது. இருப்பது ஒரே கேசட்டில். அதைத்தான் பஷீர் கல்லாவில் வீசினேன்.

25-8, திங்கள்

சிதம்பரம். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் நிலைகொள்ளவில்லை. கடையில் பஷீர் தலை நிமிரவில்லை.

"தப்பு எம்மேலதான் பாய். மன்னிச்சிடுங்க."

"நாலு பேர் முன்னாடி திட்டின. இப்ப ஆளில்லாத நேரமா பாத்து வர்ற."

வாஸ்தவம். இரண்டு வாடிக்கையாளர் வரும்வரை நின்று, அவர்கள் முன்னால் மறுபடி சொன்னேன்.

"அந்த கேசட்ட ஒடச்சிப் போட்டிருந்தா என்னா பண்ணுவ?"

கேட்டுவிட்டு அவரே பீரோவைத் திறந்து எடுத்துவந்தார். துடைத்து, புது டப்பாவில். "நோன்பு வருது. மனசுல வெச்சிக்கக் கூடாது. எதுக்கு மறுபடி?"

"அந்த டிக் டிக் வேணும்."

"அதுக்குத்தானய்யா என்ன அந்தப் பேச்சு பேசின!" சிரித்தார். காரணம் கேட்கவில்லை. ஒருவேளை அவருக்கும் தெரியுமோ? போதும், நிறுத்த வேண்டும் இந்தப் புத்தியை.

26-8, செவ்வாய்

காலை முழுக்க கரண்ட் இருந்தது, ஆச்சரியம். மறுபடி ஏற்றினேன். உறுமலை மட்டும் எடுத்தேன். எண்ணிப் பார்த்தேன், 214. அந்த அரை வினாடியையும் தொடவில்லை.

பெண் வீட்டுக்காரர் போன், எடுக்கவில்லை. நாலாவது பாட்டைப் போட்டேன். சரஸ்வதி போகவில்லை, பக்கத்து நாற்காலியில். பாதிப் பாட்டில் அவள் செல் அடித்தது. மச்சான். ஸ்பீக்கரில் வைத்தாள்.

"தங்கச்சி, மாப்ள எங்க? அந்த டிக்கு டிக்கு போயிடுச்சா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் சொன்னாள். "இல்லண்ணே, போகல. அது அப்பிடியேதான் இருக்கும்."