மேற்கிலிருந்து வந்த பக்கம்

ஜூலை 7, திங்கள்

போன் திரையில் ஒரு பக்கம் போய் அடுத்தது வர, நாங்கள் ஆப் கட்டும் ஃப்ரேம்வொர்க்கில் எட்டு வகை அசைவுகள் உள்ளன. தகவல்: ஜாஸ்லின். நாசரேத்திலிருந்து பஸ்ஸில் வந்து, மில்லர்புரத்தில் என் வீட்டு மாடியில் உட்கார்ந்து, திரேஸ்புரம் வள்ளக்காரர்களுக்காக நான் நடத்தும் காற்று நிலவரப் பக்கத்தைப் போனில் ஓட வைப்பவள்.

எட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. கச்சான் காற்று மேற்கிலிருந்துதானே வருகிறது, பக்கமும் இடப்புறத்திலிருந்து வீசி வரட்டும் என்றேன்.

"எட்டு போதாதா சார்? ஒன்பதாவத நாமளே எழுதணும்."

"எழுது."

முப்பத்தோரு வருடம் பேப்பரில் இருந்தவனுக்கு ஏன் இந்த ஆசை? அச்சில் எதுவும் நகராது — அதனாலா?

ஜூலை 10, வியாழன்

முடிந்தது. அரை நொடிக்கும் குறைவு. ஐம்பது தடவையாவது தட்டிப் பார்த்திருப்பேன். சிலருக்குத் தலை சுற்றும், அசைவு வேண்டாம் என்று வைத்த போனில் அசையாது என்றாள். நல்லது என்றேன். வேறெதுவும் கேட்கவில்லை.

ஜூலை 11, வெள்ளி

வெளியிட்டாயிற்று. வள்ளக்காரர் டிக்சன்: "நல்லா வழுக்கிட்டு வருது அண்ணாச்சி. காத்து அதே காத்துதான?"

ஜூலை 14, திங்கள்

காலை 7.05. டிக்சனின் மனைவி ஸ்டெபி கூப்பிட்டாள். "என்ன அண்ணாச்சி, எச்சரிக்கை இல்லன்னு ஒங்க பக்கத்தக் காட்டிட்டுத்தான் கடலுக்குப் போனாவ. இங்கன கூரைத் தகரம் எந்திரிச்சு நிக்கி."

நேற்று மாலை 6.20-க்கு வானிலை அறிக்கையைப் பார்த்து எச்சரிக்கை போட்டேன். என் போனில் இருக்கிறது. பின்னே?

8.30. கரைக்கு வந்துவிட்டேன். தகவல் இல்லை.

9.15. இல்லை. நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை.

11.40. டிக்சனின் வள்ளத்தை இன்னொரு வள்ளம் கட்டியிழுத்து வந்தது. உயிர் இருக்கிறது. இடது கை எலும்பு முறிவு. எக்ஸ்ரே பார்த்த டாக்டர் சொன்னது.

கட்டுப் போடுமுன் டிக்சன் தன் போனை நீட்டினார். மேலே ஜூலை 14. கீழே, "எச்சரிக்கை இல்லை."

"நீங்க எழுதுனதுதான அண்ணாச்சி?"

"நான் எழுதினதுதான். சனிக்கிழமை."

ஜூலை 15, செவ்வாய்

டிக்சனின் போனிலேயே ஜாஸ்லின் மூன்று முறை செய்து காட்டினாள். அசைவு முடிந்தது என்ற தகவல் வந்த பிறகுதான் ஃப்ரேம்வொர்க் பழைய பக்கத்தை அகற்றும். பேட்டரி சேவர் போட்டால் போன் தானே அசைவை நிறுத்திவிடும்; அதனால் எங்கள் அசைவு நடக்கவே இல்லை. நடக்காதது முடிவதும் இல்லை. பழைய பக்கம் மேலேயே கிடக்கிறது. தேதிப் பட்டை தனி. அது மட்டும் மாறிவிடுகிறது.

பேட்டரி சேவர் போடாமல் இந்தக் கரையில் எவன் வள்ளத்தைத் தள்ளுகிறான்? இது எனக்குத் தெரியாதா? தெரியும்.

"தப்பு என்னுது சார். இன்னைக்கே சரி பண்ணிருதேன். யாருக்கும் தெரியாது."

"டிக்சனுக்கு?"

"வெளிய சொன்னா ஒருத்தரும் திறக்க மாட்டாங்க சார். அடுத்த எச்சரிக்கையை யாரு பாப்பாங்க?"

அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. மாடியில் நடந்துகொண்டே இருந்தேன். எழுதி அழித்த திருத்தங்கள் நான்கு.

ஜூலை 16, புதன்

திருத்தம் போட்டாயிற்று, தவறு தெரிந்த அதே இடத்தில்: "14-ஆம் தேதி காலை, பேட்டரி சேவர் போட்ட போன்களில் 12-ஆம் தேதிக் காற்று நிலவரம் அன்றைய தேதியுடன் தெரிந்தது. காரணம், பக்கம் மாறும் புது அசைவு. அதைச் சேர்க்கச் சொன்னவன் நான்."

அசைவை எடுத்துவிட்டோம். தேதி இனி அறிக்கையோடு சேர்ந்தே வரும்.

ஐஸ் கடை மகாராஜன் கூப்பிட்டார். "சினிமா காட்டப் போயி ஆளக் கொல்லப் பாத்தீரே, வே."



ஜூலை 19, சனி

திரேஸ்புரத்தில் பேட்டரி சேவர் போட்ட பதினைந்து போன்களில் பக்கம் சரியாக மாறுகிறது: ஜாஸ்லின், நேரில் பார்த்தது. திறப்பவர்கள் பாதியாகக் குறைந்திருக்கிறார்கள். இதுவும் அவள் தகவல்.

டிக்சனைப் பார்க்கப் போனேன். அவர் போனில் எங்கள் பக்கம் இல்லை.

"இவதான் எடுத்துட்டா," என்று ஸ்டெபியைக் காட்டினார். அவள் மறுக்கவில்லை. டீ கொடுத்தாள்.

"திரும்பப் போடுவீங்களா?"

"கோவம் இல்ல அண்ணாச்சி. மொதல்ல கடலுக்குப் போற அன்னைக்குப் பாப்போம்."

கட்டுப் பிரிப்பது ஆகஸ்ட் 23, சனி. ஞாயிறு இவர்கள் கடலுக்குப் போவதில்லை. டாக்டர் சரி என்றால், அவர் எங்கள் பக்கத்தைத் திறக்கிறாரா என்பது 25 காலை ஐந்து மணிக்குள் தெரியும்.