இந்த ஆண்டு ஒரே மேசை

லினியர்ஸ், புவனோஸ் அயர்ஸ்
அக்டோபர் 16

மதிப்பிற்குரிய கசிமிரா அத்தைக்கு,

உங்கள் மருமகள் பிலிபா வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் முழங்கால் வலி குறைந்து, நீங்களும் உங்களுக்குத் துணையிருக்கும் ஹுஸ்தாவும் சுகமாக இருக்க ஆண்டவரை மன்றாடுகிறேன். போனில் என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறீர்கள், அதனால்தான் கடிதம். எல்லை தாண்டி நம் ஊர் கிளிசாவுக்குப் போகிறவர் ஒருவர் கையில் கொடுத்து அனுப்புகிறேன். ஹுஸ்தா, நீதான் வாசிக்க வேண்டும். அத்தை பாதியில் எழுந்து போனால் காத்திரு. திரும்பி வந்து உட்கார்ந்ததும் விட்ட இடத்திலிருந்து வாசி.

நான் ஊருக்கே வந்துவிடுகிறேன். தையல் பட்டறையை மூடிவிட்டார்கள். மாதக் கடைசிக்குள் அறையைக் காலி செய்ய வேண்டும். கட்டிலை விற்றாயிற்று. தையல் மெஷினை பக்கத்து அறை எவுசெபியாவுக்குக் கொடுத்துவிட்டேன். பராகுவாய்க்காரி, வாய் நீளம், மனசு தங்கம். சுவருக்கு வெள்ளையடித்துத் தரச் சொல்கிறார் வீட்டுக்காரர். மூன்று பக்கமும் அடித்தாயிற்று. வேலையிலிருந்து வந்ததும் உங்கள் மகன் தலை சாய்த்து உட்காரும் இடத்தில் ஒரு எண்ணெய்க் கறை இருக்கிறது. அந்தப் பக்கத்தில் மட்டும் எனக்குக் கை போகவில்லை. கடைசி நாள் அடித்துக்கொள்ளலாம் என்று விட்டுவைத்திருக்கிறேன்.

போன ஆண்டு நீங்கள் கடைசியாகப் பேசியது எனக்கு மறக்கவில்லை. "வந்தா அவனோட வா. தனியா வந்து என் வாசல்ல நிக்காதே" என்றீர்கள். அத்தை, கொள்ளைநோய்க்காக எல்லையை மூடியிருந்த குளிர்காலத்தில் அவர் இறந்து போனார். உயிரோடு இருந்த எங்களையே விடாதவர்கள் சவப்பெட்டியையா விடுவார்கள்? முகத்தைக்கூட எனக்குக் காட்டவில்லை. எலும்பையாவது எடுத்து வரலாம் என்று இந்த மாதம் கல்லறை அலுவலகத்தில் போய்க் கேட்டேன். அதற்கு இன்னும் சில வருடம் ஆகுமாம். அழுது பார்த்தேன், சண்டையும் போட்டேன். அங்கிருந்தவர் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். அவரால் அவ்வளவுதான் முடிந்தது.

போன இரண்டு கல்லறைத் திருநாளுக்கும் அவர் ஆவி வந்து உண்ண நாம் ஆளுக்கொரு மேசை போட்டோம். முதல் ஆண்டு அவர் மேலிருந்து இறங்கிவர நான் சுட்ட ஏணி ரொட்டி அடுப்பிலேயே இரண்டாக உடைந்தது. பல்குச்சி குத்தி ஒட்டவைத்தேன் என்று ஹுஸ்தாவிடம் போனில் சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். பின்னாலிருந்து நீங்கள் கேட்டது காதில் விழுந்தது: "உடைஞ்ச ஏணியில எம்புள்ள எப்படிடி இறங்குவான்? அங்க ஒரு மேசை, இங்க ஒரு மேசைன்னா நடுவழியில நின்னு முழிப்பான்." அப்போது எனக்குக் கோபம் வந்தது. பிறகு அந்தப் பயம் என்னையும் பிடித்துக்கொண்டது. இது மூன்றாம் ஆண்டு. நாம் வழியனுப்பிவைக்கும் ஆண்டு. இதற்குப் பிறகு அவர் வரமாட்டார். இந்த ஒரு தடவையாவது அவர் அலையக் கூடாது.

அதனால் நேற்று ஃப்ளோரெஸ் கல்லறைக்குப் போய் அவரிடமே சொல்லிவிட்டேன். "செவெரோ, இந்தத் தடவை அறைக்கு வராதீங்க. அங்க வேற யாரோ இருப்பாங்க, பயந்துடுவாங்க. அம்மா வீட்டுக்குப் போங்க." கூட வந்த எவுசெபியா சும்மா இருப்பாளா? "என்னடி, செத்தவனுக்கு விலாசம் மாத்திக் குடுக்கிறியா? தபால் ஆபீஸ்லயும் ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடு" என்றாள். சொல்லிவிட்டு அவள்தான் முதலில் அழுதாள்.

ஆகவே இந்த ஆண்டு உங்கள் மேசை மட்டும்தான். அவருக்குப் பிடித்த நிலக்கடலை சூப்பை நீங்கள் வைப்பதுபோல எனக்கு வைக்க வராது. ஆனால் சில விஷயம் உங்களுக்குத் தெரியாது. ரொட்டியை மெத்தென்று சுடுங்கள். கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்ததில் மேல்வரிசைப் பல் இரண்டு போய்விட்டது. உங்களிடம் சொல்லாதே என்றிருந்தார், அதனால் சொல்லவில்லை. இங்கே வந்து சர்க்கரை போடாத மாத்தே இலைத் தேநீர் குடிக்கப் பழகிவிட்டார். குடுவையையும் உறிஞ்சு குழலையும் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன், கொண்டுவருகிறேன். அவர் உருவமாகச் சுடும் ரொட்டிப் பொம்மைக்குக் கறுகறுவென்று முடி வைக்காதீர்கள். உங்களிடமிருந்து புறப்பட்ட பையன் அல்ல இப்போது வருவது. முன்நெற்றி ஏறி, காதோரம் நரைத்துவிட்டது. அந்த நரையில் அவர் நன்றாகத்தான் இருந்தார், அத்தை. நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

மேசையைப் பற்றி இவ்வளவு பேசுகிறாளே, இவளுக்கென்ன உரிமை என்று தோன்றும். தோன்றட்டும். அவரை அறிந்தவர்கள் இந்த உலகத்தில் நாம் இரண்டு பேர்தான். முதல் பாதி உங்களிடம், மறு பாதி என்னிடம்.

கல்லறைத் திருநாளுக்கு முதல் நாள், புனிதர் அனைவர் நாள் நண்பகலில் அவருக்காகக் கதவைத் திறந்துவைப்பீர்கள். என் பேருந்து அன்று மாலை வந்து சேரும். எல்லையில் நிறுத்திவைத்தால் இருட்டிவிடும். தனியாக வராதே என்றீர்கள். நான் தனியாக வரவில்லை. எனக்கு முன்பே வந்து உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். அவருக்காகத் திறந்த கதவை, நான் வந்து சேரும்வரை மட்டும் சாத்தாமல் வையுங்கள்.

உங்கள் ஆசியை வேண்டி,
செவெரோவின் மனைவி,
பிலிபா