மூன்றடிக் கட்டில்

2023 அக்டோபர் 9, திங்கள்

ஆசாரி குருசாமி காலையில் வந்தான். கட்டிலுக்கு அளவெடுக்க டேப்பை இழுத்தான். அதை உள்ளே வை என்று சொல்லி என் மூங்கில் கம்பைக் கொடுத்தேன். எஸ்டேட் லயத்து ஒற்றை அறையில் முப்பத்தெட்டு வருஷம் எங்களுக்குச் சட்டம் அந்தக் கம்புதான். சுவருக்கும் கதவுக்கும் நடுவே இருந்த மூலையின் அகலம் அது. மேசையோ பெட்டியோ, கம்புக்கு மேல் ஒரு விரற்கடை போனாலும் வாங்க முடியாது, கதவு திறக்காது. ஓய்வு பெற்று காந்தலூரில் வீடு கட்டி வந்தபோது எதையெதையோ விட்டேன், இதை விடவில்லை.

“சூசையண்ணே, ரூம் பெருசா இருக்கே. கம்பு மூணடிதான வருது?”

“நாப்பது ஏக்கரை அளந்தவன்டா நான். சொன்னதைச் செய்.”

என் வீட்டுக்காரி அன்னமேரிக்கு முழங்கால் வீக்கம். தரையில் படுக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லி ஒரு மாதம் ஆகிறது. அவளுக்குத்தான் கட்டில். அவளிடம் அதைச் சொல்லவில்லை. கட்டில் வந்தால் தெரியாதா?

ஈரக் கையைச் சேலையில் துடைத்தபடி வந்தாள். “அகலம் எவ்வளவு சொன்னீங்க?”

“எல்லாம் சொல்லியாச்சு.”

சிரித்துக்கொண்டே உள்ளே போனாள். எதற்குச் சிரிப்பு என்று விளங்கவில்லை.

அக்டோபர் 22, ஞாயிறு

பூசை முடிந்து பட்டறைக்குப் போனேன். கால் நான்கும் தயார். மறையூர் மில்லில் அறுத்த பலா, நல்ல மஞ்சள். அன்னமேரி தானும் பார்க்க வருகிறேன் என்றாள். இந்த முழங்காலோடு மேடு ஏறி என்ன பார்க்கப் போகிறாய் என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டேன்.

நவம்பர் 4, சனி

கட்டில் ஜீப்பில் வந்து இறங்கியது. அன்னமேரி பக்கத்தில் நின்று அகலத்தைச் சாண் போட்டு அளந்தாள். நான்கு சாண். மறுபடி அளந்தாள். “நல்லாருக்கு” என்றாள். என் கம்பளியை எடுத்து அதில் விரித்தாள். தன் பாயைத் தரையில் போட்டாள்.

“கட்டில் உனக்குத்தான்.”

“எனக்கு எதுக்குத் தனியா? நீங்க படுங்க.”

“டாக்டர் சொன்னது எனக்கா, உனக்கா?”

“தரை என்னை ஒண்ணும் செய்யல.”

வீம்பு. எனக்கு மட்டும் இல்லையா? நானும் தரையில்தான் படுத்தேன், அறையின் இந்தக் கோடியில்.

நவம்பர் 8

கட்டில் மேல் வெள்ளைப்பூண்டு காய்கிறது.

நவம்பர் 12, ஞாயிறு

கோயம்புத்தூரிலிருந்து மகள் ஜோமோள் போன். பேசினாள் என்பதைவிடத் திட்டினாள் என்றே எழுதலாம்.

“புது வீட்டுல அம்மா ஆசைப்பட்டது ஒண்ணே ஒண்ணுப்பா. அதையும் உங்ககிட்ட சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு என்கிட்ட சொன்னாங்க. நீங்க ரெண்டு பேரும் ஒரே கட்டில்ல படுக்கணும்னு.”

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

“மூணடிக்குச் செஞ்சு வச்சா அம்மா என்ன நினைப்பாங்க?”

லயத்தில் ஒரே அறை. மஸ்டரில் ஆள் கணக்கெடுக்க விடியுமுன்னே எழ வேண்டியவன் என்று மூலைப் பலகையில் நான். பிள்ளைகளோடு அடுப்படி ஓரம் பாயில் அவள். அப்படியே இருந்துவிட்டோம். இருந்துவிட்டேன். இங்கே அறை பன்னிரண்டடி. பன்னிரண்டடி அறையில் போய் அந்தக் கம்பை நீட்டினேனே — புத்தி இருந்ததா எனக்கு?

நவம்பர் 13

குருசாமியிடம் போனேன். “அன்னைக்கே கேட்டேன்லண்ணே. நீங்கதான் கத்துனீங்க.” கேட்டுக்கொண்டேன். வேறு வழி? இரண்டடிப் பலகை சேர்த்து அகலப்படுத்தலாமாம். கோவிலில் குடில் வேலை இருக்கிறது, கிறிஸ்துமஸ் கழியட்டும் என்றான். அன்னமேரியிடம் சொல்லவில்லை. வந்த பிறகு பார்த்துக்கொள்ளட்டும்.

டிசம்பர் 19

பீன்ஸ் கொடிக்கு நடுவில் விழுந்து கிடந்தாள். ஜீப்பில் மூணாறு ஆஸ்பத்திரிக்கு. வழியெல்லாம் அவள் கையைப் பிடிச்சிருந்தேன். அது என் கையைப் பிடிக்கல.

டிசம்பர் 20

பக்கவாதம். வலது பக்கம் அசைவில்லை, பேச்சும் வரவில்லை. கட்டில் விஷயத்தை ஒரு வார்த்தை முன்னாலேயே சொல்லியிருந்தால் என்ன? வாயில கொழுக்கட்டையா வச்சிருந்தேன்?

2024 ஜனவரி 6, சனி

வீட்டுக்குக் கொண்டுவந்தோம். பூண்டுச் சருகைத் தட்டித் துடைத்து, கட்டிலில் கிடத்தினோம். வந்து இரண்டு மாதம் ஆன கட்டிலில் அவள் படுப்பது இன்றுதான்.

ஜனவரி 9

படுக்கையில் கிடப்பவர்களை வீட்டுக்கே வந்து பார்க்கிற பஞ்சாயத்துப் பாலியேட்டிவ் நர்ஸ் நிமி வந்தாள். முதுகில் புண் வராமல் எப்படித் திருப்பிப் படுக்க வைப்பது என்று காட்டித் தந்தாள். சுவரோரம் கிடந்த கட்டிலை நடுவில் இழுத்துப் போடச் சொன்னாள்.

“நல்ல கட்டில் அப்பச்சா. அகலம் குறைவா இருக்கதால ரெண்டு பக்கமும் நின்னு பிடிக்கலாம். மத்த வீட்டுல எல்லாம் நான் கட்டில் மேல ஏறணும். யாரு சொல்லிச் செஞ்சது?”

“நான்தான்” என்றேன். எனக்கு ஒரு பாராட்டு.

ஜனவரி 11

குருசாமி பலகையோடு வந்தான். இனி வேண்டாம் என்றேன். திருப்பிக் கொண்டுபோக அவனுக்கு மனசு வரவில்லை போலிருக்கிறது, அறைச் சுவரில் சாய்த்துவிட்டுப் போனான். அன்னமேரி அதையே பார்த்தாள். இடது கையைத் தூக்கிக் காட்டினாள். என்ன என்று கேட்கிறாள்.

சொன்னேன். கம்பு, ஜோமோள் போன், குருசாமியிடம் போனது, எல்லாம். கல்யாணமான நாளிலிருந்து அவளிடம் இவ்வளவு நேரம் நான் சேர்ந்தாற்போல் பேசியதில்லை. அழுதாள். நானும்தான்.

பிறகு கம்பை ஒடித்து அடுப்பில் வைத்தேன். அவளைத் துடைக்க வெந்நீருக்கு ஆயிற்று.

ஜனவரி 24

நிமியிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன்: கழற்றி மாட்டுகிற மாதிரி ஒரு பலகை இருந்தால்? “குழப்பமில்ல அப்பச்சா, தாராளமா செய்யுங்க. நான் வரும்போது எடுத்து வச்சா போதும்.” குருசாமியைக் கூப்பிட்டேன். இந்தத் தடவை டேப்பை வைத்து அளந்தான். நான் வாயே திறக்கவில்லை.

பிப்ரவரி 3, சனி

பலகைக்கு வெளிப்பக்கம் இரண்டு கால், உள்பக்கம் இரண்டு கொக்கி. கட்டில் மரம் நிறம் இறங்கிவிட்டது, பலகை மட்டும் புது மஞ்சளாக இருக்கிறது. மதியம் கஞ்சி கொடுத்து வாயைத் துடைத்துவிட்டு, பலகையை மாட்டினேன். அவளுடைய பழைய பாயை அதில் விரித்துப் படுத்தேன். அவளுக்கு வலது பக்கம் நான். நடுவில் அவளுடைய அசையாத கை.

முகத்தைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு இடது கையால் அந்தப் பக்கத்துச் சட்டத்தைப் பிடித்து, உடம்பை இழுக்கப் பார்த்தாள். எங்கேயோ வலிக்கிறதென்று பதறி எழுந்தேன். வலி இல்லை. நகர்கிறாள். எனக்கு இடம் விடுகிறாள்.

“நகராத அன்னமேரி. இடம் இருக்கு” என்றேன்.

கேட்கவில்லை. சட்டத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டேதான் இருந்தாள்.