கோட்டை வாசல் சாவி

அன்புள்ள நண்பா,

அடக்கத்தன்று என் தோளில் சாய்ந்து, "சாவி உங்கிட்ட இருந்திருந்தா எங்கம்மா பொழைச்சிருக்கும்டா" என்று அழுதாய். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

நம் எல்லைக் கோட்டை ஊரின் வரலாற்றைப் புத்தகமாக்கி, திருவிழா மேடையில் நீ வாசித்தாய். கணவாய் வழியே படை வந்தபோது உள்ளே இருந்தவர்கள் கதவை அடைத்துக்கொண்டார்கள், வெளித்தெரு மக்கள் கதவைத் தட்டியபடியே வெட்டுப்பட்டார்கள் என்றாய். உள்ளே இருந்தது என் முன்னோர். தட்டியது உன் முன்னோர்.

ஊர்த் தலைவர் சீனிவாசலு கோபப்படவே இல்லை. "நல்லாத்தான் எழுதிப்போட்டான். இனிமே கோட்டைக்குள்ள அவங்களுக்கு வழி வேண்டாமுங்க" என்றார். மறுநாளே வாசலில் இரும்புக் கதவு வந்தது. பக்கத்தில் கடை வைத்திருப்பதால் சாவியை என்னிடம் கொடுத்தார்.

செவ்வாய்க்கிழமை காலை நெஞ்சுவலியோடு உன் அம்மாவைக் கட்டிலில் தூக்கி வந்தார்கள். கோட்டைக்குள் நேராகப் போனால் ஐந்து நிமிடத்தில் ரோடு, ஆம்புலன்ஸ் அங்கேதான் நின்றது. கம்பி வழியே என்னைப் பார்த்து, "கண்ணு, நாந்தானுங்க. தொறந்துடுங்க" என்றார்.

"சாவி தலைவர்கிட்ட இருக்குதுங்கம்மா" என்றேன். அது என் சட்டைப் பையில் இருந்தது. அவர் அதை நம்பி, "சரிங்க கண்ணு" என்றார். ஏரிக்கரையைச் சுற்றிப் போகும்போது உயிர் போய்விட்டது.

என் கடை தலைவருடைய இடத்தில் இருக்கிறது.

பதினாறாம் நாள் காரியத்துக்கு வெளியூரிலிருந்து வரும்போது, ரோட்டில் இறங்கி ஏரிக்கரை வழியாகவே உன் வீட்டுக்குப் போ. வாசலில் நின்று என்னைக் கூப்பிடாதே. கூப்பிட்டாலும் திறக்க மாட்டேன்.

இப்படிக்கு,
உன்னோடு ஒரே பெஞ்சில் படித்தவன்